சுவருக்கு இந்தப் பக்கம் டேங்கு

டேங்கு இருக்கான்னா கேக்குத? இருக்கு. இல்லாம என்ன. இந்த டேங்குக்காக ஒரு மண்டை உடைஞ்சிருக்கு, ஒருத்தி கை வெந்திருக்கு, ஒருத்தன் பாளையங்கோட்டை ஜெயில்ல போய்ப் படுத்துட்டு வந்திருக்கான். எனக்கு ஒரு பல்லு போச்சு. இந்தா பாரு, முன்பல்லு. இருக்கான்னு கேக்குத!

வா, உள்ள வந்து உக்காரு பிள்ள. வெயில்ல நின்னு எழுதாண்டாம். டவுன் பஞ்சாயத்துல இருந்தா அனுப்புனாவ? வீடு வீடா கக்கூஸ் கணக்கு எடுக்கியா? பாவம், படிச்ச பிள்ளைக்கு இப்படி ஒரு வேலை. பேரு ஆவுடைத்தங்கம்னு போட்டுக்கோ. சொந்த வீடு. அடுத்தது என்ன, கடைசியா எப்ப சுத்தம் பண்ணுனீங்களா? அதை ஒத்த வார்த்தையில சொல்ல முடியாது. மொதல்ல இருந்து சொல்லுதேன், கேளு. இங்க இருந்து நீ பக்கத்து வீட்டுக்குத்தான போவ? அங்க ஒருத்தி வேற மாதிரி சொல்லுவா. அதுக்கு முன்னால நான் சொல்லிருதேன்.

இந்தா நடுவுல போகுதே சுவரு, இது முன்ன கிடையாது. எங்க மாமனார் கட்டுன ஒரே வீடு. அவரு போன பொறவு அண்ணனும் தம்பியும் பிரிச்சிக்கிட்டாவ. அண்ணன் எங்க வீட்டுக்காரவுக. ரைஸ்மில்லுல வேலை. தம்பி பொன்னுலிங்கம், லாரி ஓட்டுதான். மேக்க உள்ளது எங்களுக்கு, கிழக்க உள்ளது அவனுக்கு. கெணறு பொது, பின்னால முடுக்கு பொதுன்னு பேசுனாவ. மச்சுல கிடந்த பழைய உத்தரத்தைக்கூட யாருக்குன்னு பேசுனாவ. கக்கூஸ் டேங்கை ஒருத்தரும் பேசல. அது மண்ணுக்குள்ள கிடக்கு, யாரு கண்ணுல படும்? மாமனார் ரெண்டு கக்கூஸ் ஒட்டி ஒட்டிக் கட்டி ரெண்டுக்கும் ஒரே டேங்கா வச்சிருந்தாரு. சுவரு வச்சப்ப கக்கூஸ் ஆளுக்கு ஒண்ணா அமைஞ்சு போச்சு. டேங்கு முழுசும் நம்ம பக்கம். என் அடுப்படிக்கு நேர் பின்னால.

நான் சண்டைக்காரி இல்ல பாத்துக்கோ. தெருவுல யாரை வேணும்னாலும் கேளு. இல்ல, கேக்காண்டாம். இந்தத் தெருவுல உள்ளதுக எல்லாம் இப்ப அவ பக்கம். அவன்னா என் ஓரகத்தி முப்பிடாதி, பொன்னுலிங்கம் பொண்டாட்டி.

டேங்கை எப்பவும் எங்க வீட்டுக்காரவுகதான் பாப்பாவ. வருசத்துக்கு ஒருக்க மூடியைத் தொறந்து ஒரு நீளக் கம்பை உள்ள விட்டு, அடியில எவ்வளவு சக்கை கிடக்குன்னு பாப்பாவ. முக்கால் பாகம் நெறையிறதுக்குள்ள டேங்கு உறியுத லாரிக்காரனுக்குச் சொல்லிருவாவ. "கக்கூஸ்ல ஆசிட் ஊத்தாத, துணிமணி போடாத, உள்ள இருக்க புழு செத்துப்போச்சுன்னா ஒண்ணும் கரையாது"ம்பாவ. நான் சிரிப்பேன். பீத்தொட்டிக்குப் போய் என்ன இம்புட்டு அக்கறை! கோயில் தெப்பக்குளத்தைப் பாக்க மாதிரி பாப்பாவ.

அப்படித்தான் ஒரு மாசி மாசம் லாரி வந்தது. ஓசு முடுக்கு வழியா வந்து, நம்ம புறவாசல்ல கெடந்துதான டேங்குக்குள்ள போகணும்? நான் அன்னைக்கு மோர்மிளகா காயப் போட்டிருந்தேன். ஒரு பெரிய சொளவு நெறைய. உறியும்போது ஓசு ஒட்டுற இடத்துல பிச்சிக்கிட்டு அடிச்சது பாரு, மிளகாயெல்லாம் போச்சு. லாரிக்காரன் மன்னிப்பு கேட்டான். அதோட போயிருக்கும். சுவத்துக்கு மேல தலையை நீட்டிக்கிட்டு இந்த முப்பிடாதி சொல்லுதா, "அதுல பாதி உங்க வீட்டுதுதான அக்கா, கழுவிட்டு வறுத்துக்கோங்க"ன்னு. சொல்லிட்டுச் சிரிக்கா.

நீயே சொல்லு, யாருக்குத்தான் பொறுக்கும்? முடுக்கு வழியாச் சுத்திப் போய் அவ வீட்டு அடுப்படியில வச்சே விளக்குமாத்தால ரெண்டு போட்டேன். ரெண்டுதான். அவ என் கொண்டையைப் பிடிச்சு இழுத்தா. கொத்தா முடி அவ கையோட வந்துட்டு. அவ காதை நான் கடிச்சேன்னு இன்னைக்கும் சொல்லிக்கிட்டு அலையுதா. கடிக்கல. பல்லு பட்டது. கம்மல் பிச்சிக்கிட்டுக் கீழ விழுந்துட்டு. அந்தக் கம்மலை நானே பொறுக்கி அவ கையில குடுத்துட்டுத்தான் வந்தேன். எவளுக்கு வரும் அந்தக் குணம்?

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இனிமே ஒரு ஓசும் என் புறவாசலுக்குள்ள வரக் கூடாது. எங்க வீட்டுக்காரவுக ஒரு கல்யாணத்துக்குச் சங்கரன்கோயில் போயிருந்தாவ. கொத்தனாரைக் கூட்டியாந்து, டேங்கு மூடி மேல கம்பி கட்டி காங்கிரீட் போடச் சொல்லி, அது மேல துணி துவைக்கிற கல்லை வச்சுப் பூசச் சொல்லிட்டேன். பக்கத்துல ஒரு காத்துக்குழா உசரமா நின்னது. அதுல இருந்து நாத்தம் அடுப்படி ஜன்னலுக்கு வரும். அதையும் அறுத்து, வாயில துணியைத் திணிச்சு சிமெண்டை அப்பியாச்சு. கொத்தனார் தலையைச் சொறிஞ்சான். "எக்கா, பின்ன எப்படித் தொறப்பீங்க"ன்னான். "உன்னைத் தொறக்கச் சொல்லும்போது யோசி"ன்னுட்டேன்.

அவுக வந்து பாத்தாவ. பாத்துட்டு அங்கனேயே குத்த வச்சு உக்காந்துட்டாவ. "ஏட்டி, என்ன வேலை பாத்திருக்க? டேங்கு மூச்சு விடாண்டாமா"ன்னாவ. "மூச்சு விட அது என்ன உங்க தம்பியா"ன்னு கேட்டேன். எந்திச்சு உள்ள போயிட்டாவ. அவுக அப்படித்தான். நல்ல மனுசன். நான் ஒண்ணு சொல்லிட்டேன்னா மறுபேச்சே கிடையாது. அந்த மாதிரி ஒத்துமையா இருந்த குடும்பம் இது.

ஒருநாள் மட்டும் நான் கடைக்குப் போயிட்டு வாரதுக்குள்ள உளியும் சுத்தியலும் வச்சுக்கிட்டு அந்தக் காங்கிரீட்டைக் கொத்திக்கிட்டு இருந்தாவ. எனக்குத் தெரியாம! தம்பி சொல்லிக் குடுத்திருப்பான். அடுப்படியில தோசைச் சட்டுவம்தான் கைக்குக் கிடைச்சது. சும்மா பயங்காட்டத்தான் வீசுனேன். புருவத்துல பட்டுக் கிழிச்சுட்டு. தையல் போட்டாவ. மில்லுல கேட்டவங்ககிட்ட "கதவு நிலையில முட்டிக்கிட்டேன்"ன்னு சொன்னாவளாம். சொல்லிட்டாவள்ளா, அப்ப என் மேல ஒண்ணும் வருத்தம் இல்லைன்னுதான அர்த்தம்?

இது நடந்து ரெண்டு மூணு வருசம் ஓடிட்டு. டேங்கும் ஓடுது, நாங்களும் ஓடுதோம். எனக்கு ஒரு கோளாறும் இல்ல. போன வருசம்தான் ஐப்பசி மழை பிடிச்சது. நீ இந்த ஊருப் பிள்ளைதான? ஞாபகம் இருக்கும். வாய்க்கால் நெறைஞ்சு ரோட்டுல தண்ணி. நம்ம டேங்குல இருந்து போற உறிகுழியிலயும் தண்ணி ஏறிட்டு. போற தண்ணி போக்கிடம் இல்லாம நிக்குது. நான் என் பக்கம் கக்கூஸை டைல்ஸ் போடும்போது ரெண்டு படி உசத்தியிருந்தேன். முப்பிடாதி பக்கம் மாமனார் வச்ச பழைய கோப்பை, தரையோட தரையா இருக்கும். அதனால எதுக்களிச்சது எல்லாம் அங்க போய் நின்னுட்டு. எனக்கு ஒண்ணும் ஆகலையே! எனக்கு ஆகலைன்னா கோளாறு என் டேங்குலயா இருக்கு? அவ கக்கூஸ்லதான இருக்கு?

அந்நேரம் பாத்து அவ மக அனுசுயா பேறுகாலத்துக்கு வந்திருக்கா. ஆபரேசன் பண்ணி ஆம்பளைப் பிள்ளை. அனுசுயாவை நான் இடுப்புல தூக்கி வளத்திருக்கேன் பாத்துக்கோ. "பெரியம்மா பெரியம்மா"ன்னு என் சேலையைப் பிடிச்சிக்கிட்டே திரிஞ்சவ.

பொன்னுலிங்கம் முன்வாசல் வழியா வந்தான். சட்டையெல்லாம் நனைஞ்சு நிக்கான்.

"மதினி, கக்கூஸ்ல மேல வரைக்கும் ஏறிட்டு. குளிக்கிற ரூமுக்குள்ளயும் வருது. லாரிக்காரன்கிட்ட சொல்லிட்டேன். அந்தக் கல்லை மட்டும் நகட்டிக்கிடுதேன். வேலை முடிஞ்சதும் நானே திருப்பி வச்சுப் பூசித் தாறேன்."

"ஒம் பக்கம் ஒரு குழி தோண்டிக்கோ"ன்னேன்.

"மழையில எங்க மதினி தோண்ட? ஒரு முழம் தோண்டுனா ரெண்டு முழம் தண்ணி ஊறுது. பச்சைப் பிள்ளை இருக்க வீடு."

"மோர்மிளகாயை வறுத்துத் திங்கச் சொன்னாள்ளா ஒம் பொண்டாட்டி? அவளை வரச் சொல்லு. வந்து கேக்கட்டும்."

டக்குன்னு என் கால்ல விழுந்துட்டான். விழுந்தா? விழுந்தா எல்லாம் சரியாப் போச்சா? நான் கதவைச் சாத்திட்டேன். எங்க வீட்டுக்காரவுக சாப்பிட்டுக்கிட்டு இருந்தவுக தட்டுலயே கையைக் கழுவிட்டு எந்திச்சிட்டாவ. அன்னையில இருந்து வீட்டுல சாப்பிடுறதைக் குறைச்சிட்டாவ. வாயு கோளாறா இருக்கும்னு நினைச்சேன்.

அதுக்குப் பொறவு அனுசுயா பின்வீட்டுக் கசமுத்து அண்ணாச்சி வீட்டுக் கக்கூசுக்குப் போய்ட்டு வர ஆரம்பிச்சா. முடுக்கு வழியா, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு, வயித்தை ஒரு கையால தாங்கிக்கிட்டு, மழையில. தெனமும் நான் அடுப்படி ஜன்னல் வழியாப் பாப்பேன். ஆபரேசன் பண்ணவங்க நடக்கணும்னு டாக்டர்மாரே சொல்லுதாவளே. நடந்தா நல்லதுதான்.

ஒருநாள் காலையில ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பாத்தா முடுக்குல பாசியில வழுக்கிக் கிடக்கா. தையல் விட்டுப் போச்சு. நைட்டியெல்லாம் ரத்தம். மழைத்தண்ணியோட சேந்து ஓடுது. யாரும் சொல்ல மாட்டாவ, நான்தான் முதல்ல ஓடிப் போய்க் கையைக் குடுத்தேன். அந்தப் பிள்ள என்னை நிமிந்து பாத்துட்டு, "தொடாதீங்க"ன்னுட்டா. பெரியம்மான்னுகூடச் சொல்லல. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லு. நான் வளத்த பிள்ள.

ஆட்டோ பிடிச்சு பொன்னுலிங்கம் அவளைத் தூக்கிட்டு ஓடுனான். முப்பிடாதி கைப்பிள்ளையோட வீட்டுல நின்னா. எனக்கு மனசு சரியில்ல. சரி, துணியாவது துவைப்போம்னு போய் அந்தக் கல்லுல சேலையை அடிச்சிக்கிட்டு இருக்கேன். அவ்வளவுதான். சுவத்துக்கு மேல இருந்து ஒரு வாளி. தண்ணி இல்ல பிள்ள. அவ கக்கூஸ்ல ஏறி நின்னதை அள்ளி என் தலையில கொட்டிட்டா. வாய்க்குள்ள, மூக்குக்குள்ள, எல்லாம்.

"ஒம் வீட்டுல பாதி, எங்க வீட்டுல பாதி. கழுவிக்கோ"ன்னு கத்துதா.

அடுப்புல சோறு கொதிச்சிக்கிட்டு இருந்தது. அப்படியே பானையை இறக்கி, எக்கி நின்னு, சுவத்துக்கு அங்கிட்டு வீசிட்டேன். கொதிக்கிற கஞ்சி. முழங்கையில இருந்து விரல் வரைக்கும் தோல் வழண்டு போச்சு. அலறுனா பாரு, தெரு முழுக்க வந்துட்டு. நான் அவ மூஞ்சிக்குத்தான் குறி வச்சேன்னு சொல்லுதா. பொய். சுவத்துக்கு அங்கிட்டு அவ மூஞ்சி எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா வேற. அப்ப கைப்பிள்ளை அவ இடுப்புல இல்ல. கட்டில்ல கிடந்தது. இருந்திருந்தாலும் நான் பாத்துக்கிட்டா வீசுனேன், சொல்லு. கடவுளாப் பாத்துப் பிள்ளையைக் காப்பாத்துனாரு. நான் சாமிக்கு நேந்துக்கிட்டேன்.

பொன்னுலிங்கம் ஆஸ்பத்திரியில இருந்து மகளுக்குத் துணியெடுக்க வந்தவன் பொண்டாட்டி கையைப் பாத்தான். அவ்வளவுதான். கடப்பாரையை எடுத்துக்கிட்டு முடுக்கு வழியா வந்து என் புறவாசல் கதவை ஒரே குத்துல பேத்துட்டான். நான் துவைக்கிற கல்லு மேல ஏறி நின்னுக்கிட்டேன்.

"என்னைக் குத்திட்டு ஒடைலே"ன்னேன்.

"எறங்குங்க மதினி."

"எறங்க மாட்டேன். ஆம்பளையா இருந்தா குத்து."

கடப்பாரையை ஓங்குனான். என் கண்ணைப் பாத்தான். பாத்துட்டுக் கல்லுல குத்துனான். கல்லுச் சில்லு தெறிச்சு வாயில பட்டு, இந்தப் பல்லு அப்பதான் போச்சு. வாய் நெறைய ரத்தம். துப்புனேன். அவன் மூஞ்சியிலயே துப்புனேன். தொடைக்கக்கூட இல்ல அவன். மறுபடியும் குத்துதான், என் கால் பக்கத்துல, கல்லைப் பேக்கப் பாக்கான். கல்லோட சேத்து நான் ஆடுதேன். மழை கொட்டுது. வெளியே இருந்து ஒருத்தரும் உள்ள வரல. எல்லாரும் முடுக்குல நின்னு வேடிக்கை பாக்காவ.

கசமுத்து அண்ணாச்சி மில்லுக்குப் போன் பண்ணியிருப்பாரு போல. எங்க வீட்டுக்காரவுக சைக்கிளைப் போட்டுட்டு ஓடி வந்தாவ. வந்து நேரா தம்பிகிட்டப் போய் கையை நீட்டுனாவ. "குடுல"ன்னாவ. அவன் கடப்பாரையைக் குடுத்துட்டான். எனக்குச் சந்தோசம், பொய் சொல்லக் கூடாது. இன்னைக்குத்தான் ஆம்பளையா நடந்துக்கிடுதாவ, அவன் காலை ஒடிக்கப் போறாவன்னு நினைச்சேன்.

என் பக்கம் திரும்புனாவ. "எறங்குட்டி"ன்னாவ.

அந்தக் குரலை நான் கேட்டதே இல்ல. அசையாம நின்னேன். என் கையைப் பிடிச்சு ஒரே இழுப்பு. சகதியில போய் விழுந்தேன். கட்டுன நாள்ல இருந்து என் மேல ஒரு விரல் வைக்காத மனுசன்! பொறவு கடப்பாரையைக் கல்லுக்கு அடியில குடுத்து நெம்புனாவ. கல்லு உருண்டு போச்சு. காங்கிரீட்டைக் குத்த ஆரம்பிச்சாவ. அண்ணன் குத்துதாவ, தம்பி கையால சில்லை அள்ளி ஒதுக்குதான். அண்ணனுக்கு மூச்சு வாங்குனா தம்பி கடப்பாரையை வாங்கிக்கிடுதான். தம்பி அசந்தா அண்ணன் வாங்கிக்கிடுதாவ. நான் ஒருத்தி சகதியில கிடக்கேன், வாயில ரத்தம் ஒழுகுது, தலையில அந்தக் கருமம். திரும்பிப் பாக்க ஆளு இல்ல.

எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடிச்ச மாதிரி ஆயிட்டு. அடுப்படிப் படியில அம்மிக்குழவி கிடந்தது. ரெண்டு கையாலயும் தூக்கி எறிஞ்சேன். பொன்னுலிங்கத்தைப் பாத்துத்தான் எறிஞ்சேன். எந்தக் கோயில்ல வேணும்னாலும் வந்து சத்தியம் பண்ணுதேன். அவுக குனிஞ்சிருந்தவுக, அந்நேரம் பாத்து நிமிந்தாவ. கூறு இருந்தா அந்த நேரத்துல நிமிருவாவளா? பின்மண்டையில விழுந்தது. தேங்காய் உடைக்க மாதிரி ஒரு சத்தம். அவுக அப்படியே குப்புற அந்தக் காங்கிரீட் மேல விழுந்தாவ. அது ஏற்கனவே விரிஞ்சு போயிருந்தது. அவுகளோட சேந்து உள்ள இறங்கிட்டு.

டேங்கு தளும்பத் தளும்பக் கிடந்தது பிள்ள. உள்ள இருந்து புஸ்ஸுன்னு ஒரு காத்து வந்தது பாரு, முடுக்குல நின்னவங்க எல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுனாவ. அவுக தலை ஒருக்கா மேல வந்தது, பொறவு காணல. "ண்ணே"ன்னு ஒரு சத்தம் போட்டுட்டு பொன்னுலிங்கம் குதிச்சிட்டான்.

கழுத்து மட்டும் நிக்கான். குனிஞ்சு தடவுதான். முங்குதான், எந்திக்கான். பொறவு அவுக தலைமுடியைப் பிடிச்சு மேல தூக்கி, தன் தோள்ல சாச்சுக்கிட்டான். ஒரு கையால டேங்கு விளிம்பைப் பிடிச்சிருக்கான். எனக்கு அந்நேரம் என்ன தெரியும்? அவன் அவுகளைப் பிடிச்சு அமுக்குதான்னு நினைச்சேன். கடப்பாரை கையில கிடைச்சது. விளிம்பைப் பிடிச்சிருந்த அவன் கையில நாலு போடு போட்டேன். "விடுல எங்க வீட்டுக்காரரை"ன்னு சொல்லிச் சொல்லிப் போட்டேன். விரலு ரெண்டு நசுங்கிட்டு. விட்டானா? விடல. பிடிச்ச பிடியை விடாம என்னையே பாக்கான். கண்ணு செருகுது, அப்பவும் பாக்கான். அவ்வளவு வன்மம் என் மேல.

கசமுத்து அண்ணாச்சிதான் வந்து என்னை எத்தித் தள்ளுனாரு. அண்ணாச்சின்னு மரியாதையாக் கூப்பிடுத ஆளு, பொம்பளையைக் காலால எத்துதாரு! கெணத்துக் கயிறை அவுத்துப் போட்டு ரெண்டு பேரையும் இழுத்துத் தூக்குனாவ. தம்பிக்கு வாயெல்லாம் நுரை. அவுகளுக்கு மூச்சே இல்லாத மாதிரி கிடந்தாவ. கெணத்துத் தண்ணியை ஊத்த ஊத்த, மண்டையில இருந்து ரத்தம் நிக்காம வருது. ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாவ.

போலீஸ் வந்து கேட்டாவ. நான் நடந்ததைச் சொன்னேன். கடப்பாரையோட கதவை உடைச்சிக்கிட்டு வந்தது யாரு? பொன்னுலிங்கம். என் பல்லை உடைச்சது யாரு? பொன்னுலிங்கம். மண்டை எப்படி உடைஞ்சதுன்னாவ. அவன்தான் அடிச்சு உள்ள தள்ளுனான்னு சொன்னேன். குழவியைப் பத்திப் போலீஸ் கேக்கல, நான் ஏன் சொல்லணும்? தெருக்காரங்க என்னென்னவோ சொன்னாவ. கட்டுன பொண்டாட்டி எழுதிக் குடுத்தா அதுக்கு ஒரு மதிப்பு இருக்கும்லா. ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்து எந்திச்ச உடனே அவனைப் பிடிச்சு உள்ள வச்சிட்டாவ. கையில கட்டோட போனான்.

அவுகளுக்கு நினைவு வர ரொம்ப நாளாச்சு. கூடவே இருந்தது யாரு? நான்தான். பீ மூத்திரம் அள்ளுனது யாரு? நான்தான். கண்ணு முழிச்சதும் "பொன்னு எங்க"ன்னு கேட்டாவ. "உங்களைக் கொல்லப் பாத்தவனை ஜெயில்ல போட்டிருக்கு"ன்னேன். கண்ணை மூடிக்கிட்டாவ. மறுநாள் போலீஸ் வந்து அவுககிட்டக் கேட்டாவ. பக்கத்துலயே நான் நிக்கேன்.

"நான்தான் காங்கிரீட்டை உடைச்சேன். கால் வழுக்கி உள்ள விழுந்துட்டேன். மண்டை சிலாப்புல அடிச்சிட்டு. தம்பி குதிக்கலேன்னா நான் இன்னைக்கு இல்ல"ன்னாவ.

"அடிச்சான்னு உங்க வீட்டம்மா எழுதிக் குடுத்திருக்காங்களே"ன்னு போலீஸ்காரர் கேட்டாரு.

"அவ பயந்துருப்பா. சரியாப் பாத்திருக்க மாட்டா."

பாத்தியா? பொண்டாட்டி சொன்னதை அத்தனை பேருக்கு முன்னால பொய்யாக்கிட்டாவ. எனக்கு எவ்வளவு அவமானம்! ஆனாலும் குழவியைப் பத்தி மூச்சு விடல. என் மேல உசிரு. அதனாலதான.

பொன்னுலிங்கத்தை விட்டுட்டாவ. இவுகளை வீட்டுக்குக் கூட்டியாந்தேன். ஆட்டோ வந்து நின்னது. ரெண்டு வாசலும் பக்கத்துப் பக்கத்துலதான இருக்கு. இறங்கி அந்த வாசலுக்குப் போறாவ. மண்டையில அடிபட்டதுல வாசல் தெரியாமப் போறாவன்னு நினைச்சு, "இங்கன, இங்கன"ன்னு கையைப் பிடிச்சேன். என் கையைப் பைய எடுத்து விட்டாவ. ஏசல, அடிக்கல. எடுத்து விட்டுட்டு உள்ள போயிட்டாவ. உள்ள இருந்து முப்பிடாதி, கையில கட்டுப் போட்டுக்கிட்டு, "வாங்கத்தான்"னு கூப்பிட்டா.

பொறவு ஒருதரம் இந்தப் பக்கம் வந்தாவ. இல்லைன்னு சொல்லக் கூடாது. கார்த்திகையில. லாரியை வரச் சொல்லி டேங்கைச் சுத்தமா உறியச் சொன்னாவ. பக்கத்துலயே நின்னு பாத்தாவ. புதுசா சிலாப்பு போட்டு, தூக்குததுக்குத் தோதா ரெண்டு கொண்டி வச்ச மூடி போட்டாவ. காத்துக்குழாயை உசத்திக் கட்டி, கொசு வராம வாயில வலை கட்டுனாவ. தலையில இன்னும் கட்டு இருக்கு, அதோட வேலை பாக்காவ. நான் காப்பி போட்டுக் கொண்டாந்து படியில வச்சேன். ஆடை கட்டிப் போய் அப்படியே இருந்தது. வேலை முடிஞ்சு கைகாலைக் கழுவிட்டு, கிளம்பும்போது என்னைப் பாத்து, "ஆசிட் ஊத்தாத"ன்னு சொன்னாவ. அவ்வளவுதான் பேசுனது. ஆனா பேசுனாவள்ளா?

மழை வெறிச்ச பொறவு சுவத்துக்கு அந்தப் பக்கம் தனியா ஒரு டேங்கு தோண்டிக்கிட்டாவ. நசுங்குன விரலோட பொன்னுலிங்கமும், தையல் போட்ட மண்டையோட இவுகளும். மம்பட்டிச் சத்தம் இங்க கேக்கும். மஸ்கட்ல இருந்து என் மகன் போன் போட்டாலும் சித்தப்பா போனுக்குத்தான் போடுதான், அப்பாகிட்டப் பேசுதான். அவனையும் மாத்தி வச்சிருக்காவ. இந்த டேங்கு இப்ப முழுசா எனக்குத்தான். எவ ஓசும் வராது. நான் அன்னையில இருந்தே அதைத்தான கேட்டேன்? நான் சொன்னதுதான கடைசியில நடந்திருக்கு?

அதனால, கடைசியா சுத்தம் பண்ணது போன கார்த்திகைன்னு போடு. மூடி இருக்கு, காத்துக்குழா இருக்கு, எல்லாம் சரியா இருக்குன்னு போடு.

என்ன? எத்தனை பேரு பொழங்குதாவளா?

ரெண்டு. ரெண்டுன்னு போடு. நானும் அவுகளும். என்ன அப்படிப் பாக்க? சுவத்துக்கு அங்கிட்டு இருமுத சத்தம் கேக்குதுல்லா, அவுகதான். கோவம். கோவம் தீந்தா வருவாவ. இப்ப ஒண்ணுன்னு போட்டுட்டா, நாளைக்கு அவுக வந்த பொறவு மாத்த முடியுமா? முடியாதுல்லா. ரெண்டுன்னே போடு பிள்ள.

போட்டியா? எங்க, காட்டு.